சுவர் பக்கம் திரும்பிய நாற்காலி

அந்தப் படகில் புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்தால் பக்கத்துப் படகுக்குக் கேட்காது. பார்த்தால்தான் தெரியும். அவள் வலது கையை மல்லாத்தி இரண்டு முறை வெட்டுவாள். அவர் தாடையைத் தூக்கி உதட்டைப் பிதுக்குவார். அவள் இடுப்பில் கை வைத்து முறைப்பாள். அவர் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். அவர்கள் வழக்கத்தில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. முதுகைக் காட்டியவரிடம் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாதே.

துறைமுகங்களில் பக்கத்தில் படகு கட்டியிருப்பவர்கள் முதலில் இருவருக்கும் பேச்சு வராது என்றுதான் நினைப்பார்கள். பாவப்பட்டு, கையை ஆட்டி ஆட்டி நலம் விசாரிப்பார்கள். அவள் வாயைத் திறந்து, "நல்லா இருக்கோங்க. தண்ணிக் குழாய் எந்தப் பக்கம்?" என்று கேட்டதும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

துணி ஆலையில் தறிப் பிரிவில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வயது பத்தொன்பது. உள்ளே நுழைந்தால் தறிகளின் இரைச்சலில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் ஒன்றும் ஏறாது. அதனால் அங்கே இருந்த பெண்கள் எல்லாரும் உதட்டாலும் கையாலும்தான் பேசினார்கள். யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள், இன்று சாப்பாட்டு டப்பாவில் என்ன, மேஸ்திரி எந்த வரிசையில் வந்துகொண்டிருக்கிறார் என்பதெல்லாம் ஒரு நூல்கூட அறாமல் கடைசித் தறிவரை போய்ச் சேரும். அவளுக்குத் தறிக்காரி என்று பெயர் வைத்தது ஆலையில் யாரும் இல்லை, கட்டிக்கொண்ட புருஷன்தான். அவர் படகுப் பட்டறையில் டீசல் மெக்கானிக். ஓடுகிற இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளியே நிற்கும் ஆளிடம் விரல்களாலேயே கருவி கேட்டுக் கேட்டுப் பழகியவர். இரண்டு பாஷையும் ஒரே வீட்டுக்குள் வந்ததும் கலந்து மூன்றாவது ஒன்று ஆகிவிட்டது. சைக்கிள் கடைக்கு மேலே அவர்கள் குடியிருந்த இரண்டு அறையில் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவே நேர்க்கோடாக வழி இருந்தது. அடுப்படியில் நின்றபடியே அவள் கையைக் காட்டுவாள், வாசலில் செருப்பைக் கழற்றும் அவர் பதில் காட்டுவார். ஒரே மகள். எழுத்துக் கூட்டுவதற்கு முன்பே அம்மாவின் விரலைப் படித்தவள். இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். போனில் அவள் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "அம்மா, அங்க நின்னு கையைக் காட்டாத. வாயால சொல்லு."

பட்டறையின் பின்பக்கம் பாய்மரப் படகு ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. எவனோ விட்டுப் போனது. உள்ளே புல் முளைத்திருந்தது. இடம் காலியானால் போதும் என்று பட்டறைக்காரர் அதை மெக்கானிக்கின் தலையில் கட்டினார். மற்ற ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை சீட்டாடப் போவார்கள், இவர் மரம் சுரண்டப் போவார். செலவில்லாத பைத்தியம் என்று அவளும் விட்டுவிட்டாள். ஆலையை மூடிய பிறகு வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போய், ஒரு நாள் அவரோடு கூடப் போனாள். பாய்களைப் பிரித்துப் பார்த்தாள். தையல் கோணல், துணி உளுத்துப்போயிருந்தது. புதுத் துணி வாங்கி அவளே வெட்டித் தைத்தாள். அந்தப் பாயில் முதல் முறையாகக் காற்று நிறைந்தபோது அவள் வாயே திறக்கவில்லை, கையும் அசையவில்லை. ஆலையில் அவள் நெய்த துணியெல்லாம் எந்த ஊருக்குப் போயிற்று, யார் உடம்பில் ஏறிற்று என்று அவள் கண்டதில்லை. இந்தத் துணி அவள் கண் முன்னாலேயே வேலை செய்தது.

மெக்கானிக்குக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த கப்பல்களின் இஞ்சின்களை ஆயுசு முழுக்கச் சரிசெய்து அனுப்பியவர், வெள்ளோட்டத்துக்கு முகத்துவாரம் தாண்டினதோடு சரி. "சுத்திப் பார்த்தா தண்ணி மட்டும் இருக்கணும். நாலு பக்கமும். ஒரே ஒரு தடவை. அப்புறம் கரையிலயே கிடக்கறேன், நீ சொல்ற இடத்துல" என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு அறையையும் காலி செய்துவிட்டுக் கிளம்பினார்கள். முதலில் கரையை ஒட்டியே துறைமுகம் துறைமுகமாகப் போவது, கை பழகிய பிறகு கடைசித் துறைமுகத்திலிருந்து பெருங்கடலைக் குறுக்கே கடப்பது என்று திட்டம்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே படகில் போகிறார்கள் என்றதும் எல்லாரும் தேனிலவு மாதிரி எதையோ கற்பனை செய்துகொள்கிறார்கள். உண்மையில் கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு குறைவாக முகம் பார்த்துக்கொண்டதே இல்லை. ஒருவர் மேலே சுக்கானைப் பிடித்துக் காவல் இருந்தால் மற்றவர் கீழே தூங்க வேண்டும். முறை மாறும்போது தோளைத் தொட்டு எழுப்புவது, காற்று எந்தப் பக்கம் என்று கையால் காட்டுவது, வெந்நீர்க் குடுவையைக் கை மாற்றுவது. அவ்வளவுதான் குடித்தனம். அவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். மேலே அவர் இருக்கிறார் என்கிற ஒன்றை நம்பித்தான் அந்தத் தூக்கம்.

பேச்செல்லாம் கரைக்கு வந்த பிறகுதான். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. துறைமுக வாசலில் முதலில் வருகிற பஸ்ஸில், எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறுவார்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்புவார்கள். ஊரின் பளபளப்பான பக்கத்துக்கு எந்த பஸ்ஸும் அவர்களைக் கொண்டுபோய் விட்டதில்லை. ஒரு தடவை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்வாசலில் இறங்கினார்கள். காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவே அவள் நின்று நின்று, நெசவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்ததில் காவலாளி துரத்தாத குறை. இன்னொரு தடவை நாற்காலிக்குக் கால் மட்டும் செய்கிற ஒரு தெரு. வீட்டுக்கு வீடு கால்கள் அடுக்கியிருக்க, உட்காரும் பலகை ஒரு வீட்டிலும் இல்லை. அது வேறு தெருவாம். மெக்கானிக் நாள் முழுக்க அதையே சொல்லிச் சிரித்தார். படிக்கட்டாகவே ஏறிப்போகும் ஒரு தெருவில் முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர், படி ஏறி மூச்சு வாங்க வருகிறவர்களுக்காகவே வாசலில் தண்ணீர் வைத்திருந்தார். முடி வெட்டிக்கொள்ளாமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர்களை அவர் பார்க்கிற பார்வைக்குப் பயந்தே மெக்கானிக் தலையைக் கொடுத்தார். அடுத்த துறைமுகம்வரை அவள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள்.

கடைசித் துறைமுகத்துக்கு வருகிற வழியில்தான் அந்தக் காலை வந்தது.

விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். தன் முறையை முடித்துவிட்டு அவள் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு சங்கு ஊதியது. தூக்கத்தில் அதை ஆலைச் சங்கு என்று நினைத்து, நேரமாகிவிட்டதே என்று பதறிக்கொண்டு எழுந்தாள். மறுபடியும் ஊதியது. ஏணியில் ஏறித் தலையை வெளியே நீட்டினால் பாய்மரத்தின் பாதிகூடத் தெரியாத மூடுபனி. மெக்கானிக் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, நேர் முன்னால் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. கண் விழித்துத்தான் இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் இடது பக்கத்திலிருந்து மூன்றாவது தடவை ஊதியது. அவர் திரும்பவில்லை.

அவள் பாய்ந்துபோய் சுக்கானை வளைத்தாள். பனிக்குள்ளிருந்து துருப்பிடித்த சுவர் ஒன்று வந்தது. ஒரு தெருவே நகர்ந்து போவது மாதிரி அந்தக் கப்பல் அவர்களைத் தாண்டிப் போயிற்று. அதன் அலையில் படகு ஆடி, கீழே பாத்திரங்களெல்லாம் உருண்டன. மெக்கானிக்கின் முகம் வெளுத்திருந்தது. நினைப்பு எங்கேயோ இருந்துவிட்டது என்றார். அவளும் சரி என்றாள். பாத்திரங்களைப் பொறுக்கி வைத்தாள். சரி என்று சொன்னது நம்பியதாலா, நம்பிவிட்டால் நல்லது என்று நினைத்ததாலா என்று பின்னால் பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது.

கடைசித் துறைமுகத்தில் வழக்கம்போல பஸ் ஏறினார்கள். அது அவர்களைத் தண்ணீர்த் தொட்டிகள் இருந்த ஒரு மேட்டில் இறக்கிவிட்டது. இறக்கத்தில் சந்து குறுகலாக இருந்ததால் அவர் முன்னாலும் அவள் பின்னாலுமாக நடந்தார்கள். ஒரு வீட்டின் ஜன்னலில் யாரோ தையல் எந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் காட்டலாம் என்று, "இங்க பாருங்க" என்றாள். அவர் நடந்துகொண்டே இருந்தார். கொஞ்சம் உரக்க, "ஏங்க" என்றாள். எதிரே வந்த ஒரு பெண் நின்று இவளைப் பார்த்தாள். அவர் நிற்கவில்லை. பட்டறையில் அவரைக் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிக் கத்தினாள். ஜன்னலில் தையல் எந்திரம் நின்றது. அவர் மட்டும் இறக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெயிலை ரசித்தபடி போய்க்கொண்டே இருந்தார்.

அவள் அந்த இடத்திலேயே ஒரு படிக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

எப்போதிருந்து? யோசித்துப் பார்த்தாள். கடைசியாக அவரை முதுகுக்குப் பின்னாலிருந்து வாயால் எப்போது கூப்பிட்டோம் என்று ஞாபகம் வரவில்லை. வீட்டில் கூப்பிட்டதில்லை, தோளைத் தொடுவாள். படகில் கூப்பிட்டதில்லை, காலால் தட்டுவாள். பேசும்போதெல்லாம் அவர் முகம் இவள் முகத்தைப் பார்த்தே இருந்தது. மற்ற பெண்டாட்டிகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, என்ன உனக்குக் காது செவிடா என்று வைதிருப்பார்கள். வருஷக்கணக்கில் கண்டுபிடிக்காமல் இருக்க உலகத்தில் ஒரு பெண்டாட்டியால்தான் முடியும். அது தறியில் வேலை பார்த்தவளாக இருக்க வேண்டும்.

வளைவில் அவளைக் காணாமல் அவர் திரும்பி வந்தார். என்ன என்று விரலை விரித்துக் கேட்டார். அவள் தன் காதைத் தொட்டு, கையைக் கவிழ்த்தாள். அவர் இல்லை என்றார். அவள் ஆமாம் என்றாள். அவர் முதுகைக் காட்டினார். அவள் எழுந்து சுற்றிவந்து முன்னால் நின்று, நாளைக்குக் காது சோதிக்கிற இடத்துக்குப் போகலாம், நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மறுநாளே கடலைக் கடக்கக் கிளம்பலாம் என்றாள். அவர் கொஞ்ச நேரம் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, ரொம்பத் தெம்பாகவே ஒத்துக்கொண்டார். அந்தத் தெம்புதான் அவளுக்கு உறுத்தியது.

காது சோதிக்கிற இடம் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. உள்ளே கண்ணாடி ஜன்னல் வைத்த, சுவரெல்லாம் பஞ்சு அடித்த சின்ன அறை. ஆள் அதற்குள் இரண்டு காதையும் மூடுகிற கருவியை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேஜையில் பெட்டி மாதிரி ஒரு எந்திரம். அதை இயக்குகிற பெண் பொத்தானை அழுத்தும்போது உள்ளே சத்தம் போகும். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். பெரும்பாலும் குழந்தைகள் வருகிற இடமாம். முகம் தெரிந்தால்தான் அழாது என்று நாற்காலியைக் கண்ணாடியைப் பார்த்த மாதிரி போட்டிருந்தார்கள். அவளை அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

சோதனை தொடங்கியது. மெக்கானிக் விரலைத் தூக்கினார். மறுபடியும் தூக்கினார். பெட்டிக்காரப் பெண் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். அவர் ஒன்றுகூடத் தவறவிடாமல் தூக்கினார். "இந்த வயசுக்கு ரொம்ப நல்லாவே கேக்குதேம்மா" என்று அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள்.

தறிக்காரி அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய கையைப் பார்த்தாள். பொத்தான் மேஜை விளிம்புக்குக் கீழே மறைந்துதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் முழங்கைக்குக் கீழே ஒரு நரம்பு எழுந்து அடங்கியது. தோள் ஒரு நூல் அளவு இறங்கியது. வேறு யாருக்கும் அது தெரிய வாய்ப்பே இல்லை. புகையும் எண்ணெயுமாக இருக்கிற இஞ்சின் அறையில், அந்தக் கோடியில் நிற்பவனின் சுண்டுவிரலைப் படித்தவருக்கு இது பெரிய எழுத்து. அவர் கண் அந்த நரம்பின் மேலேயே இருந்தது.

சும்மா இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது மட்டுமில்லை, அப்படியே கொஞ்ச நேரம் இருக்கவும் செய்தாள். நாளைக்கே கிளம்பலாம். அவருக்கு நாலு பக்கமும் தண்ணீர் கிடைத்துவிடும். இத்தனை வருஷத்தில் அவர் தனக்கென்று கேட்ட ஒரே பொருள். அதைத் தட்டிவிட நான் யார்? ஆனால் மேலே அவர் இருக்க, கீழே தான் கண்ணை மூடிப் படுத்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். நினைப்பில்கூட அவளால் கண்ணை மூட முடியவில்லை.

"அம்மா" என்றாள் பெட்டிக்காரப் பெண்ணிடம். "அந்த நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பாருங்க."

கண்ணாடிக்குள் சத்தம் போகாது. ஆனால் உதடு போயிற்று. மெக்கானிக் அவளையே பார்த்தார். அவர் கை மடியிலேயே கிடந்தது. அந்தப் பெண் எழுந்து கதவைத் திறப்பதற்குள் அவரே எழுந்து, நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிறகு அவருடைய பிடரிதான் தெரிந்தது. பொத்தான் அழுந்தியது. விரல் முழங்காலின் மேல் கிடந்தது. மறுபடி அழுந்தியது. அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டினாள், மேலும் கூட்டினாள். கடைசியில் அடைத்த கதவையும் தாண்டி, கொசு பாடுவது மாதிரி வெளியே இருந்த அவளுக்கே லேசாகக் கேட்டது. அதற்கும் ஒரு படி மேலே போன பிறகுதான் அவர் விரல் எழுந்தது, சந்தேகத்தோடு, பாதி.

வருஷக்கணக்காக இஞ்சின் சத்தத்தில் இருந்ததால் வந்தது, மெல்ல மெல்லப் போயிருக்கும், போனது போனதுதான் என்று அந்தப் பெண் எடுத்துச் சொன்னாள். காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவி, வீட்டுக்குள் எதிரே உட்கார்ந்து பேசுவதற்கு உதவும். கடலில் மாட்டினால் காற்றைத்தான் பெரிதாக்கிக் கொடுக்கும். அவர் அந்தப் பெண்ணின் உதட்டைக் கவனமாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நன்றி சொன்னார்.

திரும்பி வரும்போது அவர் முன்னால் நடந்தார். துறைமுகம் வருகிறவரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு முதுகோடு அவள் எவ்வளவு தூரம்தான் பேசுவாள்? கடைவீதியில் தக்காளி வாங்கும் சாக்கில் நின்றாள், அவர் நிற்கவில்லை. படகில் வந்து ஏறியபோது அவர் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுருட்டிய கயிறுகள்தான். அவள் எதிரே போய் உட்கார்ந்தாள். அவர் கையால் பேசவில்லை. வாயால் பேசினார்.

"நீ சும்மா இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"பின்ன ஏன் வாயைத் திறந்தே? ஊர் பேர் தெரியாத பொண்ணு முன்னாடி கட்டின பொண்டாட்டியே காட்டிக் குடுக்கறா."

"எனக்குத் தூங்கணும்" என்றாள். "அந்தப் பனியில கப்பல் மூணு தடவை ஊதுச்சு. கீழ தூங்கிட்டிருந்த எனக்குக் கேட்டுச்சு. நீங்க திரும்பக்கூட இல்ல. அன்னைலேர்ந்து நீங்க மேல இருக்கும்போது நான் கண்ணை மூடிட்டுப் படுத்திருக்கேன், அவ்வளவுதான்."

மூன்று தடவை என்பது அவருக்குத் தெரியாது. ஒரு தடவை கேட்டதாகவும் ஞாபகம் இல்லை. கயிற்றைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கே தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"இஞ்சின் ஓடறது தெரியுது. வால்வு தட்டினா தெரியுது. உள்ளங்கால்ல தெரியுது. அதனால காது இருக்குன்னுதான் நெனச்சுட்டிருந்தேன்" என்றார். பிறகு, "உன் பேச்சு எப்பவும் கையிலதானே. கொறைஞ்ச மாதிரியே இல்ல" என்றார்.

அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது. தக்காளியை எடுத்துக் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே வழி யோசித்தாள். திரும்பி வந்து இரண்டு வழிகளைச் சொன்னாள். கடலைக் கடக்க வேண்டாம், இப்படியே கரையோரமாகப் பகலில் மட்டும் போகலாம். அல்லது கடக்கிறதுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். முதலாவதுக்கு, அது பஸ் ஓட்டுகிற வேலை என்றார். இரண்டாவதுக்கு முதுகைக் காட்டினார். மூன்றாவது ஆள் என்றால் அவருக்கு எப்போதுமே ஆகாது. சொந்தக் கையால் ஒட்டுப்போட்டு எழுப்பிய படகில் இன்னொருவன் சுக்கானைப் பிடித்து நிற்க, தான் பயணியாகப் போவதா? அதுவும் காரணத்தைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். படகுக்காரர்களிடம் காது கேட்காதவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு எந்தத் துறைமுகத்தில் போய் நிற்பது? அன்றைக்கு அவர் சாப்பிட்டார், ஆனால் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவள் எழுந்தபோது படகில் அவர் இல்லை. உதிரிபாகக் கடையில் தேடினாள். டீசல் பம்பில் கேட்டாள். எங்கேயோ கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாரோ என்று நினைத்தாள். இறங்கித் தனியாக நடந்தால் பின்னால் வருகிற வண்டிச் சத்தம் கேட்குமா என்று நினைத்ததும் நடை ஓட்டமாயிற்று. துறைமுக அலுவலகத்தை நெருங்கும்போதே அவர் குரல் தெருவுக்கு வந்தது. தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால், மேஜைக்கு எதிரே இருந்த குமாஸ்தாவோடு அவர் ஒரு வயல்வெளிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசுவது மாதிரி பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வரிசையில் நின்ற படகுக்காரர்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குக் காது கேக்காது. என் பொண்டாட்டிக்குத் தூக்கம் வேணும். கடலைக் கடக்கறவரைக்கும் கூட வரணும். காது நல்லாக் கேக்கிற ஆள் ஒருத்தர் வேணும்னு எழுதிப் பலகையில ஒட்டுங்க."

"ஐயா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்றார் குமாஸ்தா. "எனக்குக் காது நல்லாவே கேக்குது."

வரிசையில் ஒருவர் சிரித்தார். மெக்கானிக் அந்த முகத்தைப் பார்த்து, தானும் சிரித்தார். வாசலில் நின்றவளை அப்போதுதான் கண்டார். என்ன என்று விரலை விரித்தார். ஒன்றுமில்லை என்று அவளும் விரித்தாள்.

பலகையைப் பார்த்து முதலில் வந்தவர் மீன் புரளுவதுகூடத் தனக்குக் கேட்கும் என்று சொன்ன ஒரு மனிதர். அவள் அவரைத் துறையின் கோடியில் திரும்பி நிற்கவைத்து, தொலைவிலிருந்து ஒரு இரும்பு வளையத்தைக் கல்லில் போட்டாள். அவர் திரும்பவில்லை. கேட்டதற்கு, மீன் என்றால் கேட்டிருக்கும் என்றார். அடுத்து வந்தவள் ஒரு நர்ஸ். ஒரு ஆஸ்பத்திரி வேலையை விட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆஸ்பத்திரியில் சேரப் போகிறவள். விமானத்தில் போனால் சீக்கிரம் வேலை தொடங்கிவிடும், அதனால் வேண்டாம் என்றாள். கொஞ்சம் பாய் இழுக்கத் தெரியும். அவளுக்குச் சோதனை வைக்க வேண்டியே வரவில்லை. துறையில் நின்று பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, "அக்கா, உங்க படகுல தண்ணி இறைக்கிற பம்ப் விட்டு விட்டு ஓடிட்டே இருக்கே, எங்கயாவது ஒழுகுதா?" என்றாள்.

மெக்கானிக் அவள் உதட்டைப் பார்த்தார். கீழே இறங்கினார். இஞ்சின் பக்கம் பலகையைத் தூக்கிப் பார்த்தால், விசிறியைச் சுழற்றும் தண்டு படகுக்கு வெளியே போகிற இடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. முழங்கைவரை எண்ணெயோடு மேலே வந்து, நர்ஸை ஒரு விரலால் காட்டி, உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். இவள் போதும்.

கசிவைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினார்கள். நர்ஸின் காதுக்கு ஒரு குறையும் சொல்வதற்கில்லை. வாய்தான் ஓயவில்லை. வார்டில் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோவதை வராந்தாவிலிருந்தே கேட்டுச் சொன்ன கதை, இரண்டு டாக்டர்கள் ஒரே பெண்ணுக்குப் பூ அனுப்பிய கதை, தன் அண்ணன் நிலம் வாங்கி ஏமாந்த கதை என்று சாப்பிடும்போதும் பாய் மாற்றும்போதும் வந்துகொண்டே இருந்தன. மெக்கானிக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து, அவ்வப்போது அவள் பக்கம் திரும்பித் தலையாட்டுவார். "உங்க வீட்டுக்காரர் மாதிரி பொறுமையாக் கேக்கிறவரை நான் பார்த்ததே இல்லக்கா" என்றாள் நர்ஸ். தறிக்காரி அதை அவருக்குக் கையால் சொன்னாள். அவர் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்.

கரை மறைந்த பிறகும் முதல் சில முறைகளில் தறிக்காரி சரியாகத் தூங்கவில்லை. படுத்தால் காது தானாக மேலே போய்விடும். நர்ஸ் தனியாக இருக்கும்போதும் போயிற்று, அவரும் நர்ஸும் சேர்ந்து இருக்கும்போதும் போயிற்று. யாரையும் நம்பாமல் இருப்பது இவ்வளவு சுலபமாகப் பழகிவிடுமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு நாள் அவள் எழுந்தபோது ஏணிக்கு மேலே வெயில் நடு உச்சியில் இருந்தது. யாரும் தோளைத் தொட்டு எழுப்பவில்லை. பதறிப்போய் மேலே வந்தாள். கால்கள் ஈரமாக, இருவரும் சுக்கானோரம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். காலையில் நல்ல பனி என்றாள் நர்ஸ். கப்பல் ஒன்று ஊதிக்கொண்டே பக்கத்தில் வந்ததாம். அவள் பேச்சை நிறுத்திவிட்டுச் சத்தம் வருகிற திசையில் கையை நீட்டிக்கொண்டே இருக்க, அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து அவர் சுக்கானைத் திருப்பினாராம். கப்பலின் நிறத்தைக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு விலகிப் போய்விட்டோம் என்றாள். எத்தனை தடவை ஊதியது என்று தறிக்காரி கேட்டாள். எண்ணவில்லை, ரொம்ப நேரம் ஊதியது என்றாள் நர்ஸ்.

கீழே தூங்கியவளுக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அவரைப் பார்த்துத் திரும்பி, என்னை ஏன் எழுப்பவில்லை என்று கையை வெட்டினாள். அவர் பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினார். பிறகு கையை இறக்கி, மெதுவாக ஒரு வட்டம் போட்டார். அவள் அந்த வட்டத்தைத் தொடர்ந்து தலையைத் திருப்பினாள். முன்னால் தண்ணீர். இரண்டு பக்கமும் தண்ணீர். பின்னால் பார்க்க உடம்பையே திருப்பினாள், அங்கேயும் தண்ணீர்தான். நர்ஸ் பூ அனுப்பிய டாக்டரின் கதையில் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.